தணித்த பிறகு மிஞ்சியது

நம்பிராஜன் வீட்டார் பூங்கோதையைப் பெண் கேட்டு வந்த அன்று, காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவள் அவளுடைய அக்கா செண்பகவல்லிதான். கட்டிக்கொள்ளப்போகிறவளே காப்பி கொண்டுவரும் வழக்கமெல்லாம் தூத்துக்குடியில் மலையேறி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் மூத்தவள் கல்யாணமாகாமல் இருக்கிற வீட்டில் இளையவளைக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சங்கடத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. நம்பிராஜனுக்குச் சர்க்கரை கம்மியாக இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவனுடைய தம்ளரைத் தட்டின் ஓரத்தில் தனியாக வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "கரெக்டா இருக்கு மைனி," என்றான்.

அதுவரை அவளைச் செம்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். இப்போது பெண்ணின் அக்கா என்பதால் மைனி.

செண்பகவல்லிக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்கும் ராட்சதப் பாரந்தூக்கிகளை, குளிரூட்டிய அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இயக்குவாள். கடல் மட்டம் ஏறி ஊருக்குள் வரத் தொடங்கியபோது கரை நெடுகத் தடுப்புச்சுவர் எழுப்பினார்கள் அல்லவா, அந்தச் சுவரைப் பராமரிக்கும் பொறியாளன் நம்பிராஜன். தண்ணீருக்கடியில் போய் விரிசல் பார்க்கும் அவனுடைய இயந்திரங்களுக்கும் அவளுடைய அறையிலிருந்துதான் இணைப்பு. அப்படிப் பழக்கமானவர்கள். சாயங்காலம் வேலை முடிந்து துறைமுகக் கேன்டீனில் டீ குடிப்பார்கள். சுவர் ஓட்டைகளில் குடியேறியிருக்கும் மீன்களைப் பற்றி அவன் குழந்தை மாதிரி சொல்லுவான். ஒரு விலாங்கு மீனுக்குத் தன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பேரை வைத்திருந்தான். அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பில்தான் செண்பகவல்லி விழுந்தாள். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். அவன் நல்ல சிநேகிதி கிடைத்தாள் என்ற மட்டில் நிம்மதியாக இருந்தான்.

உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் அவள் அதைச் சொன்னாள். மொட்டைமாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தங்கையிடம்.

பூங்கோதைக்கு மக்ரூன் கடை ஒன்றில் வேலை. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து அடுப்பில் வைப்பாள். அவள் அன்று மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்படிச் சிரிப்பான், எப்படி நடப்பான், கை எப்படி இருக்கும். செண்பகவல்லியும் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்து போனாள். அடுத்த வாரம் ஒரு பொட்டலம் மக்ரூனோடு பூங்கோதை துறைமுகத்து வாசலில் வந்து நின்றாள். மழைக்காலம் முடிவதற்குள் நம்பிராஜன் அவள் பின்னால் போய்விட்டான்.

செண்பகவல்லி தங்கையிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிக் கேட்டாள். "உனக்குத் தெரியும்லா கோதை?"

பூங்கோதை தலையைக் குனியவில்லை. "தெரியும்க்கா. ஆனா நீ அவுககிட்ட சொல்லவே இல்லியே. நான் சொன்னேன்."

அதற்கு மறுபேச்சு இல்லை. இல்லாததனாலேயே அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் அம்மா சிவகாமிக்கு எல்லாம் அரைகுறையாகத் தெரியும். அப்பா இல்லாத வீடு, இரண்டு பெண்கள், ஒரு நல்ல மாப்பிள்ளை வந்திருக்கிறான். யாருக்கு வந்தான் என்று தோண்டிக்கொண்டிருக்க அவளுக்குத் தைரியமில்லை. மூத்தவளிடம் வந்து, உனக்குச் சம்மதம்தானே என்று மட்டும் கேட்டாள். செண்பகவல்லி, தாராளமாகச் செய் என்றாள். அதன் பிறகு வீட்டில் ஒவ்வொரு சாமானும் அவளைக் குத்தியது. தையற்காரி வந்து கோதைக்கு அளவெடுத்தால் அந்த நாடா இவள் கழுத்தில் இறுகியது. அம்மா கோதைக்குத் தலை பின்னிவிட்டால் இவளுக்கு மண்டை காந்தியது.

முகூர்த்தச் சேலை எடுக்கப் போனபோது பூங்கோதை அவளைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். செண்பகவல்லி மனமறிந்து, தங்கையின் நிறத்துக்கு எடுபடாத ஒரு கடுகு நிறத்தை எடுத்து நீட்டினாள். பூங்கோதை அதைத் தொடக்கூட இல்லை. அக்காவின் கண் எங்கே போய்ப் போய் வருகிறது என்று பார்த்திருந்தாள் போலிருக்கிறது. "நீ பாத்துக்கிட்டே இருக்கியே, அந்தக் கத்திரிப்பூ கலரு. அதுதான் எனக்கு வேணும்," என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே செண்பகவல்லி, தணிப்புக்குப் பதிவு செய்தாள்.

தணிப்பு வந்து அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு மனுஷர் மேல் இன்னொருவருக்கு இருக்கிற பற்றை, அந்தப் பற்றை மட்டும், மூளையிலிருந்து இளக்கி எடுத்துவிடும் வைத்தியம். கணவனைப் பறிகொடுத்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தவர்களுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் ஊர் அதை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்களை வீட்டார் அழைத்துப் போனார்கள். சுய சம்மதம் வேண்டும் என்று சட்டம் இருந்தது. சம்மதம் வாங்குவது எப்படி என்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு சேர்த்து, பெண் தணிச்சதா தணிக்காததா என்றும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். சிலருக்குத் தணித்த பெண்தான் வேண்டும், மிச்சம் மீதி இருக்காது என்று. சிலருக்கு அது ஆகவே ஆகாது.

செண்பகவல்லி போன தணிப்பகத்தில் வரவேற்பறை நாற்காலியில் அப்படி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அண்ணன். அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது முகம் கழுவி, பொட்டு வைத்து, தெளிவாக இருந்தாள். போகிற வழியில் புரோட்டா வாங்கித் தருவீங்களா என்று அப்பாவிடம் கேட்டாள். அந்த மனுஷர் மகளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்தும் செண்பகவல்லி எழுந்து போகவில்லை. அவளுக்கு அந்தத் தெளிவுதான் வேண்டியிருந்தது.

டாக்டர் மச்சாது நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய அம்மாள். பூசி மெழுகாமல் பேசுகிறவர்.

"நினைவு எதுவும் போகாது," என்றார். "அவர் பேரு, முகம், பேசினது எல்லாம் அப்படியே இருக்கும். இப்ப அதை நெனச்சா நெஞ்சைப் பிடிச்சு இழுக்குதுல்ல, அந்த இழுப்பு மட்டும் இருக்காது."

பிறகு எப்போதாவது வேண்டுமென்றால் திரும்ப வைக்க முடியுமா என்று செண்பகவல்லி கேட்டாள்.

"எங்களுக்கு எடுக்க மட்டும்தாம்மா தெரியும். வைக்கத் தெரியாது."

தலையில் வலை போன்ற ஒரு தொப்பியை மாட்டினார்கள். நம்பிராஜனின் படங்களைக் காட்டினார்கள். அவனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசப் பேச எந்த இடம் துடிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மெல்லத் தட்டுவது போல ஓர் அதிர்வு. வலி இல்லை. கேன்டீன் டீயைச் சொன்னாள், விலாங்கு மீனைச் சொன்னாள். முதல் தடவை சொன்னபோது தன்னை மறந்து சிரித்தாள். மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார்கள். கடைசியில் மீன் மீனாக இருந்தது, தலைமையாசிரியர் பேர் ஒரு பேராக இருந்தது. இதற்கா அப்படிச் சிரித்தோம் என்று இருந்தது.

கல்யாணத்தன்று மணவறையில் நம்பிராஜனைப் பார்த்தாள். காது கொஞ்சம் பெரிது. வேட்டி கட்டத் தெரியவில்லை. நல்ல பையன். அவ்வளவுதான். மனசு காலி செய்த வீடு மாதிரி காற்றோட்டமாக இருந்தது. சொந்தக்காரர்கள், மூத்தவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று வந்து வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனார்கள்.

அப்புறம் பூங்கோதை வந்து மணையில் உட்கார்ந்தாள். கத்திரிப்பூ நிறச் சேலை. கழுத்தில் வேர்த்திருந்தது. அம்மா தன் முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள். தங்கை நிமிர்ந்து அக்காவைத் தேடிச் சிரித்தாள்.

செண்பகவல்லிக்கு அடிவயிற்றிலிருந்து தீ கிளம்பி நெஞ்சு முழுக்கப் பரவியது. முன்னே இருந்ததற்கு ஒரு நூல் குறையவில்லை. தாலி ஏறியபோது தங்கையையே பார்த்துக்கொண்டு அட்சதையை வீசினாள். அந்தத் தாலியைக் கட்டியவன் மேல் அவளுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு எதற்காக இந்த எரிச்சல் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த பிறகு தணிப்பகத்துக்குப் போய், உங்கள் வைத்தியம் பலிக்கவில்லை என்று சண்டைக்கு நின்றாள். டாக்டர் மச்சாது கோபித்துக்கொள்ளவில்லை. தொப்பியை மறுபடி மாட்டி, நம்பிராஜனின் படத்தைக் காட்டினார். திரையில் கோடு அசையாமல் கிடந்தது. பிறகு பூங்கோதையின் படத்தைக் காட்டினார். கோடு துள்ளி எழுந்து திரைக்கு வெளியே போய்விடும் போல ஆடியது.

"அவர் பக்கம் வெறுந்தரையாத்தான் கெடக்கு. நாங்க செஞ்ச வேலை சுத்தமாத்தான் இருக்கு," என்றார். "உங்க பொறாமைக்கு அவர் காரணமே இல்ல."

"அப்ப யாரு?"

"காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல யாரு ஞாபகம் வருது?"

செண்பகவல்லி நினைத்துப் பார்த்தாள். எழுந்ததும் கோதை எழுந்துவிட்டாளா, என்ன உடுத்தியிருக்கிறாள், அம்மா அவளுக்கு என்ன கொடுத்தாள் என்பதுதான். கல்யாணம் பண்ணிப் போன பிறகும் அதேதான். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

அந்தப் பொறாமை தங்கை மேல் இருக்கிற பாசத்திலேயே வேர் விட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வேரை எடுக்க வேண்டுமென்றால் பாசத்தையும் சேர்த்துத்தான் எடுக்க முடியும், இரண்டையும் பிரித்தெடுக்கும் வித்தை இன்னும் வரவில்லை. எடுத்தால், தங்கை தெருவில் போகிற ஒரு பெண் மாதிரி ஆகிவிடுவாள்.

"எடுத்துருங்க," என்றாள் செண்பகவல்லி, கொஞ்சமும் யோசிக்காமல்.

கூடப் பிறந்தவர்கள் விஷயத்தில் உடனே செய்யச் சட்டம் இடம் கொடுக்காது. ஆற அமர யோசிக்கத் தவணை உண்டு. தீபாவளி கழிந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இதற்கிடையில்தான் ஒரு மத்தியானம் பூங்கோதை துறைமுகத்துக்கு வந்தாள். கையில் பொட்டலம் எதுவும் இல்லை. முகம் சுண்டியிருந்தது. செண்பகவல்லி அவளை அழைத்துக்கொண்டு தடுப்புச்சுவரின் மேல் போய் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் அதைவிடத் தாழ்வாக ஊர். பூங்கோதை வெகுநேரம் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தணிச்சிட்டு வந்தத அம்மா எங்கிட்ட சொன்னா," என்றாள். "மறுவீட்டுக்கு வந்தப்ப."

"அதனால என்ன?"

"அதுலேர்ந்து எனக்கு அவுக பக்கத்துல இருக்க முடியலக்கா. யாரோ வீட்டு ஆம்பள பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு."

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். நீயும் போய்த் தணித்துக்கொண்டு வந்தாயா என்று கேட்டாள்.

"நான் எங்கயும் போகல. எந்தத் தொப்பியும் மாட்டல. நீ விட்ட, எனக்கும் போயிட்டு." பூங்கோதையின் உதடு கோணியது. "எனக்கே இப்பதான் வெளங்குது. அவுக மூஞ்சியப் பாத்து நான் ஆசைப்படல. மாடியில அவுகளப் பத்திப் பேசுனப்ப உன் மூஞ்சி இருந்துச்சுலா, அதப் பாத்து ஆசைப்பட்டுட்டேன்."

அலை வந்து சுவரில் மோதிப் போனது. பூங்கோதை, டாக்டரிடம் சொல்லி உனக்கு அதைத் திரும்ப வைத்துவிட முடியாதா என்று கேட்டாள். முடியாது என்றாள் அக்கா. அப்படியானால் பிரிந்துவிடுவதாக இருக்கிறேன், அவர் நல்லவர், அவரை ஏமாற்றிக்கொண்டு எத்தனை காலம் இருப்பது என்று சொல்லித் தங்கை அழுதாள். தீபாவளி வரைக்கும் பொறு என்றாள் செண்பகவல்லி.

அவள் போனதும் செண்பகவல்லிக்கு நாக்கில் தேன் தடவியது போல இருந்தது. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னாள். கேன்டீனில் போய் இரண்டு வடை வாங்கித் தின்றாள். ஒரு வாரம் அவள் வேலை பார்த்த அழகைப் பார்த்து மேலதிகாரி பாராட்டினார். தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனதைத் தங்கையால் வைத்துக்கொள்ள முடியவில்லை என்ற நினைப்பைச் சாக்லேட் மாதிரி வாயில் அதக்கிக்கொண்டே திரிந்தாள்.

பிறகு ஒருநாள் நம்பிராஜன் வந்தான். இணைப்பில் கோளாறு என்று சொல்லி வந்தான். கோளாறு எதுவும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். வலது கையில் மணிக்கட்டுக்கு மேல் ஒரு தீக்காயம் இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

மக்ரூன் போடப் பழகுவதாகச் சொன்னான். கோதைக்குக் கடையில் நின்று நின்று கால் வீங்குகிறது, வீட்டிலாவது அவளுக்கு ஒரு மக்ரூன் போட்டுக் கொடுக்கலாம் என்று. முட்டை வெள்ளை நுரைக்கவே மாட்டேன் என்கிறது, அடுப்பு வேறு சுட்டுவிட்டது என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மைனி, நான் கோதைக்கு என்ன தப்பு பண்ணிட்டேன்னு உங்களுக்காவது தெரியுமா?"

"நீங்க ஒண்ணும் பண்ணல."

"அப்ப ஏன் அவ இப்படி இருக்கா? கேட்டா ஒண்ணுமில்லங்கா. மரியாதையா சோறு போடுதா, மரியாதையா பேசுதா. விருந்தாளி மாதிரி இருக்கேன் நான்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "நீங்களும் முன்ன மாதிரி எங்கிட்ட பேசறதில்ல. எனக்குப் பேச ஆளே இல்ல மைனி."

அவன் போன பிறகு செண்பகவல்லி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் மேல் ஒரு பொட்டு ஆசையும் இல்லாததனால்தானோ என்னவோ, அவனை முதல்முறையாக முழுசாகப் பார்க்க முடிந்தது. சேலைக் கடையில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக் கசக்கிவிட்டு, இரண்டு பேருமே வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன சேலை மாதிரி இருந்தான் அந்த மனுஷன். அவன் யாரிடமும் எதையும் பிடுங்கவில்லை. ஒருத்தி சொல்லாமல் இருந்தாள், அது அவனுக்குத் தெரியாது. இன்னொருத்தி சொன்னாள், நம்பினான். இரண்டு பெண்களின் காதலும் ஒரே தொப்பிக்குள் போய் முடிந்ததற்கு அவன் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டு நிற்கிறான்.

அன்றைக்கு அவளுக்குத் தேன் கசந்துவிட்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் அவள் தணிப்பகத்துக்குப் போய்ப் பதிவை ரத்து செய்யச் சொன்னாள். டாக்டர் மச்சாது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காரணம் கேட்டார். செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். தங்கைக்கு அவன் மேல் ஆசை வர வேண்டுமானால் தனக்கு அவன் மேல் ஆசை இருப்பதாக அவள் நம்ப வேண்டும். அப்படி நம்ப வைக்கப் போவதாகச் சொன்னாள்.

"அவர் மேல உங்களுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா. எதை வச்சு நடிப்பீங்க?"

"அவ மேல இருக்குதுல்ல டாக்டர், அத வச்சுத்தான். அதையும் நீங்க எடுத்துட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

டாக்டர் கழற்றி வைத்த கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். "இது ஒரு நாள் கூத்து இல்ல, தெரியும்ல? ஊரு உங்களைத்தான் பேசும். எத்தனை வருஷத்துக்கு முடியும்?"

அது அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லிவிட்டு வந்தாள்.

தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். சிவகாமி வடை, சுகியன், அதிரசம் என்று வீட்டையே மணக்க வைத்திருந்தாள். எண்ணெய்க் குளியல் முடிந்து, புதுத்துணி உடுத்தி, மத்தியானம் இலை போட்டார்கள். பூங்கோதையும் நம்பிராஜனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள், நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம் போல இடம் விட்டு.

செண்பகவல்லிதான் பரிமாறினாள். மைனி முறைக்குக் கூப்பிடுகிற மாப்பிள்ளை என்ற சொல்லை விட்டுவிட்டு, "நம்பி, இன்னும் கொஞ்சம் வச்சிக்கோ," என்றாள், பழைய மாதிரி. அவன் பேசுவதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நிமிர்ந்து, சுவரில் புதிதாக வந்திருக்கும் மீன் ஒன்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். சிரிக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். தங்கை நிமிர்வது தெரிந்தது.

பார்வைதான் கஷ்டமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை. அப்போது பூங்கோதை தண்ணீர்த் தம்ளரை எடுப்பதற்காக அவன் பக்கம் கையை நீட்டினாள். புது வளையல்கள். வருஷக்கணக்கில் தன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கின கை. இனி அவன் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிற கை. செண்பகவல்லி அந்தக் கையைப் பார்த்தாள். கண் தானாகவே எரிந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டு நம்பிராஜன் பக்கம் திரும்பினாள்.

பூங்கோதையின் கை தம்ளரிலேயே நின்றுவிட்டது.

சமையலறைக்குள் அவள் பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினாள். குரல் அடங்கித்தான் இருந்தது. "தணிச்சிட்டேன்னு சொன்னியேக்கா."

"தணிச்சேன். நிக்கல."

"பொய் சொல்லுத. எனக்காகச் சொல்லுத."

"என் மூஞ்சியப் பாரு கோதை. உனக்குத்தான் என் மூஞ்சி தெரியும்லா. பொய்யா இருக்கா?"

பூங்கோதை பார்த்தாள். நெருங்கி வந்து, எதையோ தேடுகிறவள் போல அக்காவின் முகத்தை ஓரம் விடாமல் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த பொறாமை அசல். அதில் கலப்படம் எதுவும் இல்லை. தேடியது கிடைத்ததும் பூங்கோதையின் கன்னத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. கண்கள் பளபளத்தன. கோபமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அக்கா தங்கை பேச்சே முடிந்துவிட்டது போலக் கதவைத் திறந்தாள்.

"இனிமே நீ எங்க வீட்டுக்கு வராத," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் இருக்கப்ப வராத."

சரி என்றாள் செண்பகவல்லி.

பூங்கோதை கூடத்துக்குப் போய், இடம் விடாமல் புருஷன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். தன் இலையிலிருந்த அதிரசத்தைப் பிட்டு அவன் இலையில் வைத்தாள். தீக்காயத்தைத் தொட்டுப் பார்த்து, இது எப்படி வந்தது, எங்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்டாள். நம்பிராஜன் என்ன நடந்தது என்று புரியாமல் விழித்தான். பிறகு முகம் விரிந்து, முட்டை வெள்ளை நுரைக்காத கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.

சிவகாமிக்குக் கண் இருந்தது. கொல்லைப்புறம் இலை எறிய வந்த மூத்தவளை மறித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி ஏசினாள். தங்கச்சி புருஷனைப் பார்க்கிற பார்வையா அது, ஊர் சிரிக்காதா, நாளைக்கு உன்னை எவன் கட்டுவான், தணிச்சேன் தணிச்சேன் என்று சொன்னதெல்லாம் இதற்குத்தானா என்று பொரிந்து தள்ளினாள். செண்பகவல்லி எச்சில் இலைகளைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தையில் அம்மாவின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அம்மாவிடம் சொன்னது எதுவும் கோதையிடம் போகாமல் இருந்ததில்லை. "ஆமா, எம்மேலதான் தப்பு," என்று மட்டும் சொன்னாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதாக வந்தவர்கள், அன்று சாயங்காலமே கிளம்பினார்கள். பூங்கோதைக்குத் தலைவலி என்று காரணம். வாசலில் கார் வந்து நின்றது. நம்பிராஜன் செண்பகவல்லியிடம், வாரேன் மைனி என்றான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காதலித்த காலத்தில்கூட அவனுடைய சந்தோஷத்தைப் பார்த்து அவள் இப்படிச் சும்மா சந்தோஷப்பட்டதில்லை.

காரில் ஏறியதும் பூங்கோதை புருஷனின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கார் நகர்ந்தது. தெருமுனையில் வேகம் குறைந்தபோது ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பினாள். அம்மா கையாட்டினாள், அதை அவள் கவனிக்கவில்லை. அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று பார்த்தாள்.

செண்பகவல்லி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.